தேவா அண்ணைக்குப் பூட்டிய குட்டைக் குழல்

நான் முன்பு வேலை செய்த பட்டறையில் இப்போது வேட்டைத் துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, குழல் மாற்ற வருகிறவர்களில் பாதிப்பேர், குழலின் முனையில் சத்தமடக்கியையும் சேர்த்துப் பூட்டித் தரச் சொல்கிறார்களாம். சத்தமும் குறையும், தோளில் விழும் உதையும் குறையும், ஆனால் முன்பாரம் ஏறிவிடும். அதற்கேற்பக் குழலை எவ்வளவு நறுக்குவது, எவ்வளவு தடிப்பாக விடுவது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குள் ஒரு விவாதம். "உங்கள் காலத்தில் எப்படித் தீர்மானித்தீர்கள், ஒருநாள் வந்து சொல்லுங்கள்" என்று அழைத்தார்கள். போய் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் கதைத்துவிட்டு வந்தேன். அங்கே சொன்னதையும், சொல்ல முடியாமல் விட்டதையும் நம் சங்க மலருக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில், காதில் இரைச்சல் நிலையாகத் தங்கிவிட்டதால் வேலையை விட்டவன் நான். ஞாபகம் இன்னும் இரையவில்லை.

மன்னாரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் லேத் மெஷின் பழகி, ஒரு தொழிற்சாலையில் தண்டுகளும் மரைகளும் கடைந்து கொண்டிருந்தவன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆக்லாந்து வந்தேன். முதலில் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை. பிறகு பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் கண்டேன். மனுகாவ் பக்கத்தில், ஒரு துவக்குப் பட்டறைக்கு லேத் தெரிந்த ஆள் தேவை. வேலை கிடைத்தது. வீட்டில்தான் பிரச்சினை. என் மனைவி றோசி சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டாள்:

"சண்டைக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள். இஞ்ச வந்தும் உங்களுக்குத் துவக்கோ?"

"இது மான் சுடுற துவக்கடி."

"மானுக்குத் தெரியுமோ அது வேற துவக்கெண்டு?"

துவக்கைக் கையாள்வதற்கான அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. இந்த நாட்டு வழக்கப்படி ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து, மனைவியைத் தனியே இருத்தி, "இவரிடம் துவக்கு இருந்தால் உங்களுக்குப் பயமில்லையா?" என்று கேட்டார். எனக்கு மறு அறையில் வியர்த்தது. றோசி தன் ஆங்கிலத்தில், "கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும்தான் கத்துவார்" என்றாள். அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். அப்படித்தான் நான் பட்டறைக்குள் நுழைந்தேன்.

பட்டறையின் சொந்தக்காரர் பிரையன். அறுபதை நெருங்கிய, நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். வாடிக்கையாளர் துவக்கை மேசையில் வைத்தால் உடனே தொடமாட்டார். முதலில் இரண்டு கைகளையும் ஒரு வெள்ளைத் துணியில் துடைப்பார். பிறகு துவக்கை எடுத்து, போல்ட் என்ற பின்பூட்டைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லையென்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்வார். அதன் பின் ஒற்றை விரலில் துவக்கைக் கிடையாக நிறுத்தி, அதன் நடுப்பாரம் எங்கே இருக்கிறதென்று பார்ப்பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வாய் திறப்பார். "என்ன வேண்டும்?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பவை மூன்று. எங்கே சுமக்கிறீர்கள்? எவ்வளவு தூரத்தில் சுடுகிறீர்கள்? கடைசியாகச் சுட்டபோது எங்கே நொந்தது?

இந்த மூன்றுக்குள் எங்கள் வேலை முழுக்க அடங்கும். ஒரே ரவையை, அதாவது தோட்டாவை, இலேசான துவக்கில் போட்டுச் சுட்டால் தோளில் பலமாக உதைக்கும். கனமான துவக்கில் போட்டுச் சுட்டால் உதை குறையும். அப்படியானால் கனமானதையே எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்றால், அதை மலையில் சுமக்கப் போகிறவர் அவர். துவக்கின் கனத்தில் பெரும்பங்கு குழலில்தான். குழலைத் தடிப்பாக விடுவதா மெல்லியதாகக் கடைவதா, நீளமாக விடுவதா நறுக்குவதா என்பதுதான் நாங்கள் ஒவ்வொருவரோடும் தீர்க்க வேண்டிய வழக்கு.

அந்த வழக்கைத் தீர்க்கப் பிரையன் ஒரு முறை வைத்திருந்தார். எங்களிடம் 'கட்டை' என்று ஒரு பொருள் இருந்தது. பழைய துவக்கு ஒன்றின் மரப்பிடியும் வெற்று இரும்புடலும். சுட முடியாது. அதன் முன்னால், பழுதாகிக் கழித்த குழல்களை மாற்றி மாற்றிப் பூட்டலாம். வாடிக்கையாளருக்குக் குழல் தெரியாதபடி சாக்குத் துணியால் சுற்றிக் கையில் கொடுப்போம். பட்டறைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய எரிமலைக் குன்று. மாடுகளும் ஆடுகளும் மேயும் புல்வெளி. அந்தக் குன்றில் ஏறி இறங்கி வர வேண்டும். வந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, பட்டறையின் பின்சுவரில் இருந்த கறுப்புப் புள்ளியைக் குறிபார்க்க வேண்டும். பிறகு குழலை மாற்றி மறுபடி ஏற வேண்டும். எது எத்தனை கிலோ என்று கடைசிவரை சொல்லமாட்டோம். குன்று ஏற மறுத்தவர்களுக்குப் பிரையன் குழல் விற்றதில்லை.

ஒரு பெப்ரவரி மாதத்தில் தேவா அண்ணை வந்தார். மலேசியத் தமிழர், பாபடோயிட்டோயில் வீடு. ஒரு கட்டுமான நிறுவனத்தில் மின்சார வேலை. கட்டைக் குட்டையான உடம்பு, அடர்ந்த மீசை, வாய் நிறையப் பேச்சு. என்னைக் கண்டதும் ஆங்கிலத்தில் தொடங்கியவர், நான் "சொல்லுங்கோ" என்றதும் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அட, தமிழா! என்னா தம்பி, துப்பாக்கிக் கடையில நம்மாளா? யாழ்ப்பாணமா?"

"மன்னார் அண்ணை."

"எதுவா இருந்தா என்ன லா. ஒரு உதவி பண்ணுங்க. இந்தப் பேரல நல்லா மெலிசாக் கடைஞ்சு குடுங்க. தூக்க முடியல."

அவர் கொண்டுவந்தது ஏற்கனவே இலேசான துவக்கு. மூன்று கிலோகூட வராது. நீண்ட மெல்லிய குழல். ஆனால் ரவை பெரியது. 'தேர்ட்டி-ஓ-சிக்ஸ்' என்று இங்குள்ளவர்கள் சொல்லும் பழைய பலசாலி. இலேசான துவக்கில் அந்த ரவையைப் போட்டால் என்ன நடக்கும் என்பது அவரது தோளுக்குத்தான் தெரியும்.

அவர் ஏன் வந்தார் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் வேலைத்தலத்தில் ஏப்ரல் வந்தால் ஆட்கள் வேட்டைக்குப் போய்விடுவார்கள். இணை தேடிக் கலைமான்கள் உறுமும் பருவம் அது. முதல் சில வருடங்கள் தேவா அண்ணை மட்டும் தனியாக நின்று வேலை பார்த்திருக்கிறார். பிறகு கெவின் என்ற மேற்பார்வையாளர், "நீயும் வாயேன்" என்றான். காட்டுக் குடிசையில் ஒரு வாரம், ஒரே சட்டியில் சமையல், ஒரே அடுப்பில் காலுறை உலர்த்தல். "அந்த ஒரு வாரத்துலதான் தம்பி, இந்த நாட்டுல நானும் ஒரு ஆளுன்னு தோணும்" என்றார். ஆனால் போன வருடம் அவர் சுட்ட மானுக்குக் குண்டு பிசகிப் பட்டுவிட்டது. காயத்தோடு ஓடிய மானின் இரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து அரைநாள் நடந்திருக்கிறார்கள். மழை வந்து தடத்தைக் கழுவிவிட்டது. யாரும் அவரைத் திட்டவில்லை. அன்றிரவு குடிசையில் யாரும் அவரோடு சரியாகப் பேசவும் இல்லை. இந்த வருடம் கெவின், "முதலில் உன் சுடுதலைச் சரிசெய், பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டான்.

"கை நடுங்கிருச்சு தம்பி. துப்பாக்கி கனம். அதான். கனத்தக் குறைச்சா எல்லாம் சரியாயிரும்."

பிரையன் கைகளைத் துடைத்துவிட்டுத் துவக்கைப் பார்த்தார். மூன்று கேள்விகளையும் கேட்டார். எங்கே சுமக்கிறீர்கள்? கையில், அடர்ந்த காட்டுக்குள், செங்குத்துச் சரிவுகளில். எவ்வளவு தூரம்? அநேகமாக நூறு மீட்டருக்குள். கடைசியாகச் சுட்டபோது எங்கே நொந்தது?

"நோவா? ஒண்ணும் இல்ல. நோ பிராப்ளம்" என்றார் தேவா அண்ணை, வலது கையைத் தொங்கவிட்டபடி.

மறு சனிக்கிழமை குன்று ஏறினோம். நானும் கூடப் போனேன். முதலில் அவருடைய துவக்கைப் போலவே நீண்ட மெல்லிய குழல். அடுத்தது நீண்ட தடித்த குழல். கடைசியாக, தடித்த, ஆனால் ஒரு சாண் குறைந்த குட்டைக் குழல். இரண்டாம் முறை இறங்கி வரும்போது அவர் மலாயில் ஏதோ திட்டினார், மொழிபெயர்க்கவில்லை. மூன்றாம் முறை வழியில் நின்று கதை சொல்லிக்கொண்டே வந்தார். பின்சுவருக்கு முன்னால் நின்று குறிபார்த்தபோது, முதல் கட்டையின் முனை புள்ளியைச் சுற்றி வண்டு போல அலைந்தது. மூன்றாவது அநேகமாக நின்றது.

"எது இலேசு?" என்று பிரையன் கேட்டார்.

"மூணாவது. சந்தேகமே இல்ல."

பிரையன் முதலாவதையும் மூன்றாவதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தராசில் வைத்தார். மூன்றாவது, கால் கிலோவுக்கு மேல் கூடக் காட்டியது.

தேவா அண்ணை என் பக்கம் திரும்பினார். "தராச எங்க வாங்குனீங்க? மீன் கடையிலயா?"

காரணம் எளிதானது. குட்டையான தடித்த குழலில் கனம் இரண்டு கைகளுக்கும் நடுவே வந்து அமரும். காட்டுக்குள் துவக்கை எங்கே பிடித்துத் தூக்குகிறோமோ அங்கேயே நடுப்பாரம் இருக்கும். நீண்ட குழலில் அது முன்னே சரிந்து, மணிக்கட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆட்கள் கனம் என்று நினைப்பது பலமுறை கனமே அல்ல, இழுப்புத்தான். இதைப் பிரையன் விளக்கியதைவிட, தேவா அண்ணை மறுபடி இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

அப்படியென்றால் குழலைத் தீர்மானித்தாயிற்று என்று நான் நினைத்தேன். பிரையன் தலையசைத்தார். "கால்களைக் கேட்டாயிற்று. தோளை இன்னும் கேட்கவில்லை."

அடுத்த வாரம் சுடுகளத்துக்குப் போனோம். ஆக்லாந்துக்குத் தெற்கே, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே, மண் மேட்டை அரணாகக் கொண்ட ஒரு கழகத்தின் இடம். தேவா அண்ணை தன் மனைவி ஸ்டெல்லா அக்காவையும் கூட்டி வந்திருந்தார். சுடுகளத்துக்கு யாரும் மனைவியை அழைத்து வந்து நான் பார்த்ததில்லை. அக்கா ஒரு பெரிய பைநிறையச் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்து, மரப்பலகை ஆசனத்தில் துணி விரித்து அமர்ந்தார்.

"நாசி லெமாக் தம்பி, தேங்காப்பால் சோறு. உங்க முதலாளிக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கேன். காரம் திம்பாரா?"

"தெரியாதக்கா. இண்டைக்குத் தெரிஞ்சிடும்."

பிரையனின் சோதனை இப்படி. சுடுபவர் ரவையைத் தானே போடமாட்டார். பிரையன் அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுப்பார். சில உண்மையான ரவைகள். சில, மருந்தில்லாத வெற்று ரவைகள். எது எப்போது வருமென்று சுடுபவருக்குத் தெரியாது. வெடிக்கும்போது துவக்கு துள்ளுவதால், சுடுபவர் அதற்கு முன் என்ன செய்தார் என்பது மறைந்துவிடும். வெற்று ரவையில் மறைக்க எதுவும் இல்லை. 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான்.

முதல் இரண்டும் வெடித்தன. அவருடைய இலேசான துவக்கு அவரை ஒரு அடி பின்னே தள்ளியது. இலக்கில் ஒன்று விளிம்பில் பட்டிருந்தது, மற்றது காணோம். மூன்றாவது வெற்று ரவை. விசையை அழுத்தினார். டிக்.

குழல்முனை ஒரு கை அளவு கீழே குத்தியது. அவருடைய வலது தோள் முன்னால் பாய்ந்தது. இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன. வெடிக்காத துவக்கைப் பிடித்தபடி, அடி வாங்கப்போகிற மனிதனைப் போல அவர் நின்றார்.

பிரையன் தன் காதடைப்பானின் பட்டியைச் சரிசெய்வதில் மும்முரமானார். தேவா அண்ணை என்னைப் பார்த்து, உதட்டை அதிகம் அசைக்காமல் தமிழில் சொன்னார்:

"தம்பி, ஏணியிலேர்ந்து விழுந்து தோள் நழுவிருச்சு. ஒண்ணரை வருஷம் ஆச்சு. இவருகிட்ட சொல்லாதீங்க. சொன்னா, வேட்டையே வேணாம்னுடுவாரு. அப்புறம் கெவின் காதுக்கும் போயிரும்."

அண்ணை என்று அழைத்தாயிற்று; அவர் என்னை நம்பித் தமிழில் சொன்னது. ஆனால் அந்தத் தோளை மறைத்து ஒரு குழலைப் பூட்டிக் கொடுத்தால், அடுத்த மானும் காயத்தோடு ஓடும். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. ஸ்டெல்லா அக்கா பிரையனிடம் நேராக, ஆங்கிலத்தில், சொல்லிக்கொண்டிருந்தார். இவரால் துணி காயப்போடக்கூட வலது கையைத் தூக்க முடியாது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. டாக்டரிடமும் நோ பிராப்ளம்தான்.

"ஸ்டெல்லா!"

"என்ன ஸ்டெல்லா? நீங்க சொல்ல மாட்டீங்க, இந்தத் தம்பியும் சொல்லாது. அப்ப யாரு சொல்றது, மானா?"

பிரையன் வேட்டை வேண்டாமென்று சொல்லவில்லை. "நன்றி" என்றார் அக்காவிடம். பிறகு தேவா அண்ணையிடம், "சரியான குழலோடு, சிறிய ரவையும் வேண்டும்" என்றார்.

அங்கேதான் உண்மையான சண்டை தொடங்கியது. தடித்த குட்டைக் குழல் உதையைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் பெரிய ரவையின் உதையை அந்தத் தோள் தாங்கும் அளவுக்குக் குறைக்க வேண்டுமென்றால், அவரால் சுமக்க முடியாத அளவுக்குக் குழலைத் தடிப்பாக்க வேண்டும். ஆகவே குண்டும் மருந்தும் குறைந்த ரவைக்கு மாற வேண்டும். குழல் புதிதாகப் பூட்டுவதால், அதன் பின்முனையில் ரவை அமரும் அறையை அதற்கேற்பக் குடைந்துவிடலாம். நூறு மீட்டருக்குள் நிற்கும் மானுக்கு அது தாராளம். தேவா அண்ணை கொதித்துப்போனார்.

"அது கெவின் தன் மகளுக்கு வாங்கிக் குடுத்த சைஸ் தம்பி! பதினாறு வயசுப் பொண்ணு! குடிசைல உக்காந்து ஒரு வாரம் சிரிப்பானுங்க."

"போன வருஷம் சிரிச்சவையோ அண்ணை?" என்று கேட்டேன்.

அக்கா ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பிரையனிடம் நீட்டினார். "மான் வந்து குண்டோட சைஸக் கேக்கப்போகுதா? உக்காந்து சாப்பிடுங்க."

பிரையன் மிளகாய்ச் சம்பலை அளவு தெரியாமல் அள்ளி வாயில் போட்டார். முகம் சிவந்து, கண் கலங்கி, நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. ஆனால் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். அதைப் பார்த்துத்தான் தேவா அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது, "சரி, பூட்டுங்க" என்றார்.

அந்தக் குழலைப் பிரையன் என்னிடம் கொடுத்தார். பழைய குழலைக் கழற்றுவதே ஒரு வேலை. குழலைப் பிசின்பொடி தடவிய மரக்கட்டைகளுக்கு நடுவே இறுக்கி, நீண்ட கைப்பிடியால் ஒரே தள்ளில் அசைக்க வேண்டும். தயங்கித் தயங்கித் தள்ளினால் துவக்கின் இரும்புடல் முறுக்கிக்கொள்ளும். புதிய குழலை லேத்தில் ஏற்றி, துளைக்கு நேர்கோட்டில் நிறுத்த அரைநாள். துளை மையத்தில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. குழலின் வெளிப்பக்கம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. பிறகு மரை வெட்டி, ரவை அமரும் அறையைக் குடைய வேண்டும். குடைகருவியை ஒரு மயிரளவு உள்ளே விட்டு, வெளியே எடுத்து, இரும்புச் சுருளைத் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி உள்ளே. அறையின் ஆழத்தைச் சோதிக்க இரண்டு உருக்கு அளவைகள் உண்டு. ஒன்றை உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும். மற்றதை வைத்தால் மூடவே கூடாது. இரண்டுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் ஒரு சிகரெட் தாளின் அளவு. அதற்குள் போய் நின்ற அன்று, பிரையன் போல்டை மூன்றுதரம் மூடித் திறந்து, "ம்" என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய மிக நீளமான பாராட்டு அது.

ரவைகள் அடுக்கும் பழைய மகசின் பெரிய ரவைக்கானது. சிறியது முன்னும் பின்னும் ஆடாமலிருக்க உள்ளே ஒரு தடுப்பு வைத்தோம். மரப்பிடி நீண்ட கைகளுக்காகச் செய்தது. அவருக்காக இரண்டு விரல் நறுக்கி, பின்னால் தடித்த ரப்பர் பூட்டினோம். எல்லாம் சேர்ந்து பழையதைவிடக் கனம்தான். மார்ச் மாதக் கடைசியில் சுடுகளத்துக்குப் போனபோது, பிரையன் மறுபடி ரவைகளைக் கலந்து போட்டார். இந்தத் தடவை ஆறாவதாகத்தான் வெற்று ரவை வந்தது. டிக். குழல்முனை அசையவில்லை.

ஏப்ரலில் தேவா அண்ணை காட்டுக்குப் போனார். போகும் முன் தொலைபேசியில், "மகளோட ரவைன்னு கெவின் பேரே வச்சுட்டான் லா" என்றார். அந்த வாரம் முழுவதும், லேத்தில் வேறு யாருடைய குழலோ சுழன்றுகொண்டிருக்க, நான் மழை வருகிறதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வந்தார். பட்டறைக் கதவில் நின்றார். வாய் நிறையப் பேச்சோடு வருகிற மனிதர், அன்று பேசாமல் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். லேத்தை நிறுத்தினேன்.

"பிசகிப் போச்சோ அண்ணை?"

"இல்ல தம்பி. ஒரே வெடி. நின்ன எடத்துலயே விழுந்துருச்சு. கெவின் ஓடிவந்து முதுகுல தட்டுனான். அடுத்த வருஷத்துக்கு இப்பவே எம்பேர எழுதிக்கிட்டான்."

"பிறகென்ன?"

அவர் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தார்.

"போன வருஷ மான விட்டா, இதுக்கு முன்னாடி நான் ரெண்டு மான் சுட்டிருக்கேன். ரெண்டு தடவையும், கண்ணத் தொறந்தா அது கீழ கெடக்கும். விழுந்தத நான் பாத்ததில்ல. இந்தத் தடவ கண்ணு மூடல. அது என்னப் பாத்துச்சு. அப்புறம் முன்னங்கால் மடிஞ்சுச்சு, தம்பி. ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு. எல்லாத்தையும் பாத்தேன்."

பின்னறையில் பிரையன் அரத்தால் ராவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வெளியே வரவில்லை.

நான் தேநீர் போட்டேன். அண்ணை பாதிக் கோப்பையோடு எழுந்தார்.

"அடுத்த வருஷம் போவீங்களோ?" என்று கேட்டேன்.

கோப்பையை மேசையில் வைத்தார்.

"போவேன். பாத்துட்டேன்ல. இனி தெரிஞ்சுதான் போவேன்."